தோளில் வைத்த கை

பாலேஸ்வரி ரீச்சருக்குப் பிள்ளைகளைத் தொட்டுப் பேசித்தான் பழக்கம். நல்ல புள்ளி எடுத்தால் முதுகில் தட்டுவார், அழுதால் அணைத்துக்கொள்வார். தென்மராட்சியின் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீர்த்திகா புதிதாக வந்து சேர்ந்தாள். ஒருநாள் கணக்கு விளங்காமல் அவள் தலைகுனிந்திருக்க, ரீச்சர் பின்னால் போய்த் தோளில் கை வைத்தார். பிள்ளை கத்தவில்லை. விறைத்துப்போனாள். மூச்சுக்கூட விடவில்லை. அவள் இருந்த வாங்கின் கீழே ஈரம் பரவியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் தாய் பராசக்தி வந்தாள்.

"உங்களிலை பிழையில்லை ரீச்சர். முந்திப் படிச்ச ரியூட்டறியிலை மாஸ்ரர் ஒருத்தன். அவனும் உப்பிடித் தோளிலை கைவைச்சுத்தான் துவங்கினவன். வழக்கு நடக்குது. ஊர் எங்களைத்தான் கதைக்குது. அதுதான் இஞ்சை வந்தனாங்கள்."

மறுநாள் ரீச்சர் கீர்த்திகாவின் மேசைக்கு முன்னால், அவள் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றார்.

"நேற்று நான் செய்தது பிழை, பிள்ளை. இனித் தொடமாட்டன். விளங்காட்டிக் கேள், எத்தினை தரமெண்டாலும் சொல்லித் தாறன்."

கீர்த்திகா நிமிரவில்லை. ஆனால் அந்தக் கிழமையே ஒரு கணக்கைக் கேட்டாள். ரீச்சர் மேசையின் மறுபக்கத்தில் நின்றே சொல்லிக்கொடுத்தார். மற்றப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்க எழும் கையையும் அவர் இப்போது பாதியில் இறக்கிக்கொண்டார். யாருடைய தோளில் என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

வழக்குத் தவணைக்குத் துணையாக வரச்சொல்லிப் பராசக்தி கேட்டாள். ரீச்சர் லீவு போட்டுவிட்டுப் போனார். நீதிமன்ற வாங்கில் கீர்த்திகாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு உட்கார்ந்தார். அந்த மாஸ்ரர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு வந்து, யாருடனோ சிரித்துக் கதைத்தான். பிள்ளை ரீச்சரின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரீச்சர் தன் கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டார்.

"நான் இஞ்சைதான் இருக்கிறன்," என்றார் மெல்ல.

அவனுடைய சட்டத்தரணி தவணை கேட்டார். வழக்கு மறுபடியும் தள்ளிப்போனது.

பஸ் தரிப்பிடத்தில் கீர்த்திகா சத்தியெடுத்தாள். ரீச்சர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கி வாய் கொப்பளித்தாள்.

"அடுத்த முறையும் அவன் வருவானோ ரீச்சர்?"

"வருவான்."

"நீங்கள்?"

"ஓம், நானும் வாறன்."

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். பராசக்தி அணைக்கப் போனாள். பிள்ளை தாயின் கையையும் தள்ளிவிட்டாள். பராசக்தி திகைத்து ரீச்சரைப் பார்த்தாள்.

"விடுங்கோ," என்றார் ரீச்சர். "அழட்டும். பக்கத்திலை நிப்பம்."

பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் ஏறவில்லை.