பதினேழாம் நம்பருக்கு மட்டும் விலக்கு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நாற்பது கணினிகளிலும் பென் டிரைவ் செருகினால் திறக்கக் கூடாது என்பது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவள் சர்வரில் போட்டுவைத்த விதி. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். முப்பத்தொன்பது சொன்ன பேச்சைக் கேட்டன. ரிப்போர்ட் அறையில் இருந்த பதினேழாம் நம்பர் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டாள். விதிகளைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுத்தாள், இரண்டு தடவை அணைத்துப் போட்டாள். ஊஹூம். கடைசியில், எந்தெந்த விதி வந்து சேர்ந்தது என்று காட்டும் அறிக்கையை எடுத்தாள். விதி வந்திருந்தது, வாசலோடு திரும்பியும் போயிருந்தது. அந்தக் கணினியை யாரோ விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

யாரென்று சர்வர் பதிவில் தேடினாள். அவள் பெயர்தான் இருந்தது. தேதி, அவளுக்குப் பெண் பிறந்த நாள்.

அன்று காலை பாஸ்வேர்டு கேட்டுப் போன் செய்தவர் ஒருவர்தான். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்றார். வலியோடு வலியாகச் சொல்லிவிட்டாள். அவர் இங்கே மேலாளர். அவளுக்கு அக்கா வீட்டுக்காரர். இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவரே.

வெள்ளிக்கிழமைதோறும் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் ஆயிரக்கணக்கில் பதினேழாம் நம்பரிலிருந்து பென் டிரைவுக்குப் போயிருந்தன. எல்லாவற்றையும் இரண்டு தாளில் அச்செடுத்துக்கொண்டு, பிறகுதான் அத்தானைக் கூப்பிட்டாள்.

அவர் மறுக்கவில்லை. "அதை அப்படியே விட்டுடும்மா. எல்லாம் உன் பேர்லதானே இருக்கு?" என்றார் நிதானமாக. பிறகு, பாப்பாவுக்குச் சளி தேவலையா என்று விசாரித்தார்.

பத்து நிமிடத்தில் அவளுடைய கணினி அவளையே உள்ளே விட மறுத்தது. கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது. முதலாளி டாக்டரம்மா கூப்பிடுவதாக வாட்ச்மேன் வந்து நின்றார்.

முதலாளி அறையில் அத்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் தாள்களை மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா விரலை வைத்து வரிவரியாகப் படித்து, விலக்குப் போட்ட தேதியில் நிறுத்தினார். "அன்னைக்கு நீ எங்கேம்மா இருந்தே?"

"பிரசவ அறையில, மேடம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அத்தானைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அத்தான் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையில் போன் அதிர்ந்தது. அக்கா. அடித்து ஓயும்வரை அவள் எடுக்கவில்லை.