உண்ணியை எடுத்த மதியம்

1

இந்தக் கதை என் புருவத்தில் பிறந்தது. அழகு நிலையத்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். புருவம் திருத்திய பெண், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே இதைச் சொன்னாள். பாதிச் சொற்கள் நூலோடு போயின. அவற்றை நான் நிரப்பியிருக்கிறேன். அவளை நூல்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

மழை விட்ட மதியம், கழுவிப் போட்ட வானத்தில்—

(வேண்டாம். மழை விட்டது, அவ்வளவுதான்.)

மழை விட்ட மதியம். புற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மகள் காட்டிலிருந்து வீடு திரும்பினாள். அவள் நூல்காரியின் கணவருக்கு முதல் மனைவி மூலம் பிறந்தவள். நூல்காரியை ஒருநாளும் சித்தி என்று கூப்பிட்டதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, ஒட்டுதலுக்குத்தான் பஞ்சம்.

"இங்க பாருங்க, காதுக்குப் பின்னால என்னமோ ஒட்டிட்டு இருக்கு. பிய்ச்சா வரமாட்டேங்குது."

நூல்காரி கூந்தலை விலக்கினாள். சாம்பல் நிறத்தில் ஒரு விதை. விதைக்குக் கால்கள் இருந்தன.

"உண்ணிம்மா. கடிச்சுட்டு இருக்கு. கை வைக்காத."

2

இங்கே கணவர் வருகிறார். லாரி மெக்கானிக். முதல் பிரதியில் அவரை முரடனாக எழுதினேன். கதைக்கு ஒரு முரடன் சௌகரியம். ஆனால் மகளின் காதுக்குப் பின்னால் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனதாம். அப்படிப்பட்டவரை நான் என்ன செய்ய?

"மண்ணெண்ணெய் தொட்டு வை. இல்லன்னா தீக்குச்சியக் காட்டு. தானா விட்டுடும்."

"சும்மா இருங்க, கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு நூல்காரி, தன்னிடம் வழக்கமாக வரும் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"தீ, எண்ணெய் எதுவும் வேண்டாங்க" என்றார் நர்ஸ். "அதுக்கு எரிச்சல் வந்தா உள்ள இருக்கறத ரத்தத்துல கக்கிடும். நுனி மெலிசான இடுக்கி இருக்கா? தோல ஒட்டிப் பிடிங்க. வயித்த நசுக்காதீங்க. திருகாம, வெடுக்குனு இழுக்காம, நேரா மேல, சீரா."

வெடுக்கென்று இழுப்பதுதான் நூல்காரியின் பிழைப்பே. வலி தெரிவதற்குள் முடி வந்துவிட வேண்டும். அந்தக் கை இன்று உதவாது.

3

மகள் தரையில் படுத்து அவள் மடியில் தலை வைத்தாள். முதல் தடவை. ஜன்னல் வழியே வந்த ஈர வெளிச்சத்தில் அறை மெல்ல மிதந்தது. எங்கோ கூரையிலிருந்து நீர் சொட்டிற்று. விரிந்த கூந்தலில் புல் வாசம். பயணக் களைப்பில் மகளின் கண்கள் செருகின. கணவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

"ஆட்டாம பிடிங்க. லாரிக்கு அடியில இப்படியா பிடிப்பீங்க?"

"லாரிக்கு வலிக்காதுடி."

இடுக்கியின் நுனி தோலைத் தொட்டது. நூல்காரி இழுத்தாள். தோல் சின்னக் கூடாரம்போல எழும்பி நின்றது. உண்ணி விடவில்லை. விரல் வெடுக்கெனத் துடித்தது, அடக்கினாள். அப்படியே பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் எல்லாமே நீருக்கடியில் நடப்பதுபோல இருந்ததாம்.

(இங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் வாய்ப்பகுதி உள்ளேயே முறிகிறது. இடுக்கிக்கு எளிதில் வராவிட்டால் தோண்டாமல் விட வேண்டும், தோலே தள்ளிவிடும். அதையும் எழுதிப்பார்த்தேன். நூல்காரியின் அழுகையை என்னால் தாங்க முடியவில்லை, கிழித்தேன்.)

முழுசாக வந்துவிட்டது.

"வந்துடுச்சா?" தூக்கத்துக்குள்ளிருந்து கேட்டாள் மகள்.

"வந்துடுச்சும்மா."

மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் உண்ணியை அடைத்தாள். சோப்பு நீரில் நனைத்த துணியால் கடிவாயைத் துடைத்தாள். மகள் தலையை எடுக்கவில்லை. கால் மரத்துப்போயும் நூல்காரி அசையவில்லை.

4

நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சில வாரங்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சலோ, சிவந்து பரவும் தடிப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதனால் தினமும் காலையில் மகள் தன் அறையிலிருந்து வந்து, கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முதுகைக் காட்டி நிற்பாள். நூல்காரி பார்ப்பாள்.

"ஒண்ணுமில்ல."

"சரி."

இதுதான் அவர்கள் பேச்சு. சில நாள் பார்த்து முடித்த பிறகும் இருவரும் அப்படியே கொஞ்சம் நின்றார்கள்.

காய்ச்சல் வரவில்லை. தடம் மறைந்தது. நர்ஸ் சொன்ன வாரங்களும் முடிந்தன.

மறுநாள் காலை. இனிப் பார்க்க ஒன்றுமில்லை, இருவருக்கும் தெரியும். நூல்காரி தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குடிக்கவில்லை. மகளின் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

நான் இத்துடன் வெளியே வந்துவிடுகிறேன். அவள் கூந்தலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாளா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.