ஹர்ஷா வந்த சாயங்காலங்கள்

அன்றைய பந்தியில் சாம்பார் வாளியை இர்ஃபானிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், முப்பத்தொரு வயதுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'நீ உக்காருப்பா, நாங்க பாத்துக்கறோம்' என்பதை மட்டுமே கேட்டு வாழ்ந்து பார்க்க வேண்டும்.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்த சிறப்புப் பள்ளி அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் படித்தார்கள். சனிக்கிழமைதோறும் இர்ஃபான் கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவான். யார் யாரோ கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர்களைத் தட்டிக்கொட்டி ஓட வைத்து, பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் போட்டுக் கொடுப்பான். அவனுக்கும் ஆட்டிசம்தான். இரண்டு வருஷத்துக்கு முன், இரண்டாயிரத்து ஆறில்தான் ஒரு டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். அதுவரை 'ஒரு மாதிரி' என்றுதான் ஊர் சொன்னது. இந்தப் பள்ளியில் மட்டும் அவன் 'வாலண்டியர்'. பள்ளியை நடத்தும் ஸ்ரீவித்யா மேடம் எல்லார் முன்னாலும் அப்படித்தான் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பான்.

அங்கே பிறந்தநாள் கொண்டாட வரும் குடும்பங்கள் உண்டு. சாப்பாடு போடுவார்கள், கேக் வெட்டுவார்கள், பிள்ளைகளைப் பாடச் சொல்வார்கள், தங்கள் கையால் நாலு இலைக்குப் பரிமாறிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். புண்ணியம் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே! மீதிப் பந்தியை வாலண்டியர்கள் கவனிப்பார்கள். அன்று ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். குழந்தையின் அப்பாவைப் பார்த்ததும் இர்ஃபான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டான். ஹர்ஷா. அவனுக்கு வாய்த்த ஒரே சிநேகிதன்.

எண்பத்தேழில் துபாயிலிருந்து சாச்சா, அப்பாவின் தம்பி, ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டிவியோடு மாட்ட வேண்டும், பக்கத்தில் டேப் ரிக்கார்டர் வேண்டும். கேசட்டைப் போட்டால் விளையாட்டு ஏறுவதற்குள் அது கீச்கீச்சென்று கத்துகிற கத்தலில் வீடே காதைப் பொத்திக்கொண்டு ஓடும். மிக்சி சத்தத்துக்கே அழுகிற இர்ஃபானுக்கு அது மட்டும் பிடித்தது. அந்தச் சத்தம் எப்போது முடியும், முடிந்ததும் திரையில் என்ன வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மனிதர்களிடம் அதெல்லாம் தெரிவதில்லை.

எதிர்வீட்டு ஹர்ஷா தினமும் சாயங்காலம் வருவான். மற்ற பையன்கள் நாலு நாள் வந்து அலுத்துப்போய் கிரிக்கெட்டுக்குத் திரும்பிய பிறகும் அவன் வந்தான். துலுக்கர் வீட்டில் வாயில் எதையும் போடாதே என்று அவன் அம்மா நாகலக்ஷ்மி சொல்லி அனுப்புவதால், இர்ஃபானின் அம்மா ஜஹீரா வாழைப்பழத்தை உரிக்காமல் தட்டில் வைப்பாள். பையன்கள் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, திரையில் ஓடும் குட்டி மனிதனைக் குழிகளைத் தாண்ட வைப்பார்கள். ஒருநாள் டேப் சிக்கிக்கொண்டதற்கு ஹர்ஷா தேம்பித் தேம்பி அழுதான். உலகத்தில் எது பொய்யானாலும் அந்தச் சாயங்காலங்கள் நிஜம் என்று இர்ஃபான் நம்பியிருந்தான்.

"டேய் இர்ஃபான்! நீயா?" ஹர்ஷா அவன் தோளில் கைபோட்டான். யார் தொட்டாலும் இர்ஃபானுக்குப் பிடிக்காது. ஹர்ஷாவுக்காகப் பொறுத்துக்கொண்டான். "இங்கதான் இருக்கியா? நல்ல இடம்டா. வா, உக்காரு. நானே உனக்குப் போடறேன்." சொல்லிக்கொண்டே அவனைப் பிள்ளைகளின் வரிசையில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

"நான் வாலண்டியர்," என்றான் இர்ஃபான்.

"ஆமா, ஆமா. சமத்து," என்றான் ஹர்ஷா.

இர்ஃபான் ஸ்ரீவித்யாவைப் பார்த்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ அருகில் வந்து குனிந்து, "இன்னிக்கு ஒரு நாள் உக்காந்துடுங்க இர்ஃபான். அவங்க ஆசைப்படறாங்க. போட்டோ எடுத்ததும் எழுந்துக்கலாம்," என்று கிசுகிசுத்தார். வருஷா வருஷம் வரக்கூடிய ஆள் மனம் கோணக்கூடாது. இர்ஃபான் மனம் கோணினால் பள்ளிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

சாம்பாரை ஊற்றியபடியே ஹர்ஷா மனைவியிடம் சொன்னான்: "எங்க எதிர்வீடு. சின்ன வயசுல இவனை யாருமே சேத்துக்க மாட்டாங்க, பாவம். 'கொஞ்ச நேரம் அவனோட வெளையாடிட்டு வாடா, புண்ணியமாப் போகும்'னு அம்மாதான் டெய்லி அனுப்புவா. அப்பவே சோஷியல் சர்வீஸ்!"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொய்!" என்று கத்தினான் இர்ஃபான். "நீ கேமுக்காக வந்தே. டேப் சிக்கினப்ப மூக்கு ஒழுக அழுதே. அது சர்வீஸா?"

பந்தி அப்படியே நின்றது. குழந்தை வீறிட்டு அழுதது. ஹர்ஷாவின் முகம் ஒரு நொடி கறுத்து, உடனே சரியானது. "பரவாயில்ல மேடம். இவங்க இப்படித்தான்னு எனக்குத் தெரியாதா?" என்று ஸ்ரீவித்யாவிடம் பெருந்தன்மை காட்டினான். அந்தப் பெருந்தன்மைக்கே அவனை ஓங்கி அறைந்திருக்கலாம். இர்ஃபானுக்கு அடிக்கத் தெரியாது.

இர்ஃபான் கைகழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு ஸ்ரீவித்யா வந்தார். "அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. பேசணும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளிடம் பேசும் அதே குரல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இர்ஃபான் நேரே சமையலறைக்குப் போனான். ஜஹீரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹர்ஷா பொய் சொல்றான்மா. அவங்கம்மா அனுப்பித்தான் நம்ம வீட்டுக்கு வந்தானாம். நீங்க சொல்லுங்க, அவன் தானாத்தானே வந்தான்?"

ஜஹீராவின் கை நின்றது.

"மொதல்ல தானாத்தான் வந்தான். அப்புறம் அவனுக்கும் அலுத்துப் போச்சு. அவன் வரலைன்னதும் நீ சோறு தண்ணி இல்லாம கேட்டையே பாத்துகினு உக்காந்திருந்தே. எனக்கு மனசு கேக்கல. நாகலக்ஷ்மியக்கா வாசல்ல போய் நின்னேன்."

அந்தச் சாயங்காலங்களில் இர்ஃபானுக்கு மறந்தது என்று ஒன்றும் கிடையாது. பழத்தோலில் இருந்த கறுப்புப் புள்ளிகூட நினைவிருந்தது. அம்மா தெருவைக் கடந்து போனதை மட்டும் அவன் பார்த்திருக்கவில்லை. கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

"செம்பாக்கம் ஸ்கூல்லயும் போய் நின்னீங்களா, என்னை வாலண்டியராச் சேத்துக்கச் சொல்லி?" என்று கேட்டான்.

ஜஹீரா தலை நிமிரவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அவள் சொன்ன எதையும் அவன் சந்தேகப்பட்டதே இல்லை. மகனுக்காக வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சியவளுக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.