அறுபத்தாறு

புதன்கிழமை சர்க்கரை கிளினிக்கில் பெஞ்சு நிறையக் கூட்டம். அராபா வாசற்சுவரைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்தாள். அங்கே அவள் கணவர் எசுமானின் மரண அறிவிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. மழையில் முகம் வெளுத்துவிட்டது. வயது மட்டும் வெளுக்கவில்லை: அறுபத்தாறு.

ஏழு மாதத்துக்கு முன் இதே மேசையில் அவர் சொன்னது ஐம்பத்தெட்டு.

செகொண்டி ஊரில் அவரோடு பட்டறையில் வேலை பார்த்த பலருக்கு வயது இரண்டு. வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. வேலைக்காக எட்டு வருடத்தை உதிர்த்தவர் எசுமான். "நீயும் ஏழெட்டு குறைச்சுக்கோ. இல்லன்னா உன்னை என் அக்கான்னு சொல்லப் போறாங்க" என்று சிரித்தார். அவளும் கிளினிக் அட்டையில் ஏழு வருடத்தைக் குறைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நர்ஸ் மான்சா சுவரிலிருந்த வண்ணக் கட்டங்களில் விரலை ஓட்டினாள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, வயது எல்லாம் சேரும் கட்டத்தின் நிறம்தான், பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும்.

"வயசு என்ன ஐயா?"

"அம்பத்தெட்டு."

அராபா வாய் திறந்தாள். மேசைக்கடியில் அவர் குதிகால் அவளுடைய இடது பாதத்தை அழுத்தியது. மூடிக்கொண்டாள்.

"மஞ்சள்தான். சோளக் கெங்கேயக் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்க."

"கெங்கேயக் குறைச்சா அப்பறம் எதுக்கு சிஸ்டர் உயிரோட இருக்கணும்?"

பெஞ்சே சிரித்தது. கொழுப்பு மாத்திரை இருப்பு குறைவு. ஆரஞ்சு நிறமோ அதற்கு மேலோ வந்தால்தான் கொடுப்பார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். நான்காம் மாதம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தார். "செத்தவனுக்குமா ஆபீஸ் வயசு?" என்று அவர் அண்ணன்தான் அறிவிப்பில் உண்மையைப் போடவைத்தார்.

"அராபாம்மா, வாங்க."

இப்போது மான்சா நைலான் நூலால் அவள் இடது பாதத்தைத் தொட்டாள். "தெரியுதா?"

"தெரியல."

சர்க்கரை அந்தப் பாதத்தை மரக்கச் செய்திருந்தது. ஆனால் அவர் போனதிலிருந்து தினமும் அதே இடத்தில் ஒரு குதிகால் அழுத்துகிறது. அதை எந்த நூலும் கண்டுபிடிக்காது.

மான்சா அட்டையைப் பார்த்தாள். "வயசு அம்பத்திநாலு." விரல் கட்டத்தருகே நின்றது. "அம்மா, வெளிய போஸ்டர்ல ஐயாவுக்கு அறுபத்தாறுன்னு இருக்கே. அச்சுப்பிழைதானே?"

ஆமாம் என்றால் போதும். இந்தப் பெண்ணும் நிம்மதியாகத் தூங்குவாள். பாதத்தில் குதிகால் அழுத்தியது.

"பிழை இல்ல. எனக்கும் அறுபத்தொண்ணு."

விரல் இரண்டு கட்டம் மேலே ஏறியது. ஆரஞ்சு.

"அவரோடதையும் பாரு."

"வேணாம்மா."

"பாரு."

மான்சா பார்த்தாள். விரல் மஞ்சளிலிருந்து இரண்டு கட்டம் மேலே ஏறியது. தலை நிமிராமல் அராபாவுக்கு மாத்திரைச் சீட்டு எழுதினாள். பேனா இரண்டு தடவை நின்றது.

சீட்டோடு அராபா எழுந்தாள். வலது கால் உடனே நகர்ந்தது. இடது காலை இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.