ஸ்டீரியோவில் ஐந்து பேர்

பல்செட் செய்பவரின் கார் ஸ்டீரியோ ஐந்து போன்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆறாவதாக ஒரு போன் ப்ளூடூத் வழியே வந்து நின்றால், இருக்கிற ஐவரில் யாரை நீக்கட்டும் என்று திரையில் கேட்கும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாது.

அந்த ஐவருமே மனைவி வீட்டார். முதல் இடம் மனைவிக்கு. அடுத்து மாமியார், மனைவியின் தங்கை, தங்கையின் கணவரான சகலை, கடைசியில் பெரியப்பா. காரைக் கழுவுகிறவர், ஓட்டுகிறவர், டயருக்குக் காற்றுப் பிடிக்கிறவர் என்று மூன்று பதவிகளை வகித்துவந்த அவருக்கு மட்டும் இடமில்லை.

முன்பு இருந்தது. போன் மாற்றியபோது பழைய போனின் பெயரைத் தானே பொறுப்பாக நீக்கினார். புதியதைச் சேர்ப்பதற்குள் குடும்பத்தோடு வெளியே கிளம்ப வேண்டியதாயிற்று. பின் இருக்கையிலிருந்த சகலை, "அட, இங்க ஒரு இடம் காலியா இருக்கே!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளே நுழைந்துவிட்டார்.

யாரையாவது நீக்கலாம்தான். ஒருமுறை பெரியப்பாவை நீக்கியும் பார்த்தார். அடுத்த பயணத்தில் பெரியப்பா தன் போனை நீட்டி, "என்னைத் தூக்கிட்டீங்க போல, மாப்பிள்ளை" என்றார். அதன்பிறகு ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. வண்டியை ஓரங்கட்டி அவரை மறுபடி சேர்த்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அவருடைய வேலை அமைதியானது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகள் லேபின் மேசையில் வரிசையாகத் திறந்தபடி இருக்கும். ஒன்றுகூடப் பேசாது. மெழுகில் பல் அடுக்கிக்கொண்டே தனக்குத் தானே "ம்... சரி... ம்" என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். அதே 'ம்'மும் அதே 'சரி'யும் சாயங்காலம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். மனைவிக்குக் காது பரிசோதனை மையத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பாள். "ஊரார் காதையெல்லாம் சரிபண்ணிட்டு வரேன், வீட்டுல இருக்கறது ரெண்டும் சும்மா அலங்காரத்துக்கு" என்று அவள் சொல்லும்போதும் அவர் "ம்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றபோது அவர் ஸ்டீரியோவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நீக்கட்டும்? சகலையை நீக்கினால் சகலை சிரிப்பார். ஆனால் தங்கை சிரிக்க மாட்டாள். மாமியாரை நீக்கவா என்று ஸ்டீரியோ பெட்டி கேட்டபோது அவருக்கு லேசாக வியர்த்தது. பக்கத்தில் மனைவி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நீளமாகவே பேசினாள். பிறகு பேச்சு நின்றது. ஏதோ கேட்டிருக்கிறாள் என்பது அந்த மௌனத்திலிருந்து அவருக்குப் புரிந்தது.

"சரி, சரி. நீ சொன்னா சரிதான்" என்றார்.

மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகச் சாலையைப் பார்த்தாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் சண்டை போடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "சாப்பாடு மேசையில இருக்கு." "சாவி மாட்டியிருக்கு." எதற்கோ தான் சரி சொல்லியிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. எதற்கு என்று கேட்டால், கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். காது மையத்துக்காரியிடம் போய் அதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஆகவே யோசித்துக் கண்டுபிடிக்க முயன்றார். கடைத்தெருவில் ஒருநாள் அவள் மீன்தொட்டியை நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. மறுநாளே பெரிய தொட்டி ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். மனைவி அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதுவல்ல போலிருக்கிறது. அப்படியானால் அவள் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். மாமியாருக்கே போன் செய்து, "அத்தை, இங்கயே வந்து இருங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும்" என்றார்.

"மாப்பிள்ளை, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார் மாமியார். நல்ல உடம்போடுதான் கூப்பிடுகிறார் என்று தெரிந்ததும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட மனைவி விருந்தினர் அறை மெத்தைக்கு உறை மாற்றினாள். அந்த உறையை அவள் உதறிய விதத்திலேயே அதுவும் அல்ல என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வேலையிலிருந்து வந்து, காரைச் சமையலறை ஜன்னலை ஒட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போகத் தைரியமில்லாமல் ஸ்டீரியோவை நோண்டிக்கொண்டிருந்தார். அப்போது பெட்டி 'டிங்' என்றது. தன் போன்தான் சேர்ந்துவிட்டது என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்துபோனது. இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேடைமேல் இருந்த மனைவியின் போன் அது. எஜமானி அருகில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வண்டி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

உடனே மணியும் அடித்தது. சமையலறையில் மனைவி போனை எடுத்தாள். ஆனால் குரல் வந்தது காருக்குள்.

"அக்கா! என்ன முடிவு பண்ணே?"

தங்கையின் குரல். நான்கு ஸ்பீக்கர்களிலிருந்தும் அவர்மேல் பாய்ந்தது. உள்ளே மனைவி, "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்றாள். அது தங்கைக்குப் போகவில்லை. வண்டியின் மைக் அவர் தலைக்கு மேலே இருந்தது.

"அக்கா, இருக்கியா?"

"ம்" என்றார் அவர். பழக்கதோஷம்.

"குரல் என்ன இப்படி இருக்கு? அழுதியா?"

அவர் குரலை ஒல்லியாக்கிக்கொண்டு, "ம்ம்" என்றார்.

"அழாதேக்கா. புது ஊர்ல தொடங்கற மையத்துக்கு உன்னையே தலைமையா வரச் சொல்றாங்க. ரெண்டு வருஷம்தான். யாருக்குக் கிடைக்கும் இது? திங்கட்கிழமை பதில் சொல்லணும், இல்ல?"

"ம்?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வருடங்களில் அவர் முழுக் கவனத்தோடு சொன்ன முதல் 'ம்' அது.

"நீயும் மனசு விட்டுத்தானே கேட்டே? 'நான் போகவா, இருக்கவா, உங்க மனசுல என்ன இருக்கு'ன்னு. அதுக்கு அந்த மனுஷன் 'சரி சரி, நீ சொன்னா சரிதான்'னாராம். போகாதேன்னு சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். போன்னு சொல்லிப் பெட்டியாவது எடுத்துக் குடுத்திருக்கலாம். இவ இருந்தாலும் சரி, போனாலும் சரின்னா என்ன அர்த்தம்? மீன்தொட்டி வாங்கி வச்சிருக்காராமே, உனக்குப் பதிலாவா?"

அவர் வாயைத் திறந்தார். இந்த முறை 'ம்' கூட வரவில்லை.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கையில் போனோடு மனைவி நின்றிருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கினார். அதுவரை மாடி வீட்டுக்கு மட்டும் கேட்ட தங்கையின் குரல், இறக்கியதும் தெருவுக்கும் கேட்டது.

"மாமா நல்லவர்தான்க்கா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் காதை வச்சுக்கிட்டு நீ எப்படி..."

"நான் வெளியில நிக்கறேன்டி" என்றாள் மனைவி, அவர் முகத்துக்குக் குறுக்கே குனிந்து மைக்கிடம். "நீ இவ்வளவு நேரம் பேசினது உங்க மாமாகிட்ட."

ஸ்பீக்கர்கள் நான்கும் வாயடைத்துப் போயின.

"மாமா," என்றது தங்கையின் குரல் கடைசியில், ரொம்ப மரியாதையாக, "அந்தக் காது விஷயம் சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"இல்லம்மா, நீ சொன்னது சரிதான்" என்றவர், மனைவி பார்ப்பதைக் கண்டு அவசரமாகச் சொன்னார்: "நிஜமாவே சரி. இது கேட்டுட்டுச் சொல்ற சரி." பிறகு மனைவியைப் பார்த்தார். "அன்னிக்கு நான் கேக்கல. இந்தப் பெட்டி உங்க அம்மாவை நீக்கவான்னு கேட்டுட்டு இருந்தது. நீ என்ன கேட்டேன்னே தெரியாம சரின்னுட்டேன்."

"அப்போ அந்த மீன்தொட்டி?"

"அதுக்கா இருக்குமோன்னு நினைச்சேன்."

"எங்க அம்மா நாளைக்குப் பெட்டியோட வராங்களே?"

"அதுவும் ஒரு யூகம்தான்."

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. மாடி வீட்டுக்காரர், இவர் செய்துகொடுத்த பல்செட்டே கழன்றுவிடும்படி, பால்கனியிலிருந்து குனிந்தார். "போகாதேன்னு சொல்லுப்பா! கேக்குது பாரு பொண்ணு!"

"சார், நீங்க உள்ள போங்க" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஸ்டீரியோவிலிருந்து தங்கையும் அதையே சொன்னாள்.

"இங்க வேண்டாம்" என்றாள் மனைவி. "நாளைக்குக் காலையில மையத்துக்கு வாங்க. அங்க கேக்கறேன்."

சனிக்கிழமை காலை அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, போனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். தடித்த கதவை மூடியதும் உலகமே பஞ்சுக்குள் போனது போலிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் மைக்கின் முன் உட்கார்ந்தாள்.

"கேட்டா பட்டனை அமுக்குங்க" என்றது அவள் குரல், இரண்டு காதுக்கும் நடுவில்.

அமுக்கினார். அவள் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"புது ஊர்ல மையம் தொடங்கறாங்க." பச்சை. "என்னைத் தலைமையா வரச் சொல்றாங்க." பச்சை. "எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு." பச்சை, கொஞ்சம் தாமதமாக. "உங்களை விட்டுட்டுப் போகவும் பிடிக்கல." பச்சை, பச்சை, பச்சை.

"ஒரு தடவை அமுக்கினா போதும்." அவள் மைக்கை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க. நான் போகவா, இருக்கவா?"

பட்டனின் மேல் அவர் கட்டைவிரல் தானாகப் போனது. எடுத்துக்கொண்டார். வெளியே காத்திருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு வாய் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அந்தக் கேள்வியை எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"எனக்குப் பிடிக்கல" என்றார்.

அவள் முகம் வாடுவது தெரிந்தது.

"நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கல. அதைச் சொல்லாம சரின்னா பொய். ஆனா நீ போ. உன்னைத் தவிர வேற யாரையாவது அங்க உட்காரவச்சா அந்த ஊர்க் காதுங்களுக்குத்தான் நஷ்டம். இங்க கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டு நானும் வந்துடறேன். பல்லு எல்லா ஊர்லயும்தான் விழுது. அதுவரைக்கும் வாராவாரம் வண்டியை எடுத்துட்டு வரேன்."

"அவ்வளவு தூரம் தனியாவா? பேச்சுத் துணையில்லாம? பாட்டுகூட இல்லாம?"

"வண்டிச் சத்தத்தைக் கேட்டுட்டே வரேன். இப்பதான் கேக்கப் பழகியிருக்கேன்."

இப்போது அவள் உண்மையிலேயே சிரித்தாள். ஹெட்போன் முழுக்க அந்தச் சிரிப்பு நிறைந்தது. அவர் பட்டனை அமுக்கிவைத்து, எடுக்கவே இல்லை.

மதியம் வீட்டுக்குக் கிளம்பும்போது, காரில் ஏறியதும் அவளே ஸ்டீரியோவின் பட்டியலைத் திறந்தாள். அவர் பதறினார். "பெரியப்பாவை மட்டும் வேண்டாம். அவர் மறுபடி தண்ணி குடிக்க மாட்டார்."

"பெரியப்பா பத்திரமா இருப்பார்" என்று சொல்லிவிட்டு, அவள் பட்டியலின் முதல் பெயரை, தன் பெயரையே, நீக்கினாள். "நான்தான் அங்க இருக்கப் போறேனே. என்கிட்ட வர்ற ஆளுக்குப் பாட்டு வேணும்."

அவர் தன் போனை நீட்டினார். யாரை நீக்கட்டும் என்று பெட்டி கேட்கவில்லை. ஒரே 'டிங்'. அவர் பெயர் திரையில் வந்தது. எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது, காரின் கூரை இடம் கொடுக்கவில்லை.

எந்தப் பாட்டைப் போடலாம் என்று அவர் தேடத் தொடங்கும்போதே மணி அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை! வந்து இறங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கறேன், ரெண்டு பெட்டி, ஒரு கூடை. சின்னவ ஏதோ மீன்தொட்டின்னு சொன்னா. அது ராத்திரியெல்லாம் குமிழ் விட்டுக்கிட்டே இருக்குமாமே, எனக்குத் தூக்கம் வராது. அதை உங்க ரூம்ல தூக்கி வச்சுட்டு, என் கட்டிலைக் கிழக்குப் பக்கமாத் திருப்பிப் போட்டுடறீங்களா? அப்புறம் இன்னொண்ணு, பெரியப்பாவும் நாளைக்கு வராராம், ஒரு மாசம் இருப்பார் போல..."

நான்கு ஸ்பீக்கர்களும் ஓய்ந்து பதிலுக்குக் காத்திருந்தன.

"சரி..." என்று அவர் வாய் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் மனைவி புருவத்தை உயர்த்தினாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பார்த்து நேராக உட்கார்ந்தார்.

"அத்தை," என்றார், "கடைசியா சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க."