கோழி மருந்து

1986. தைப்பூசம் முடிந்த நான்காம் நாள், என் தம்பி ரெங்கசாமியின் முதுகில் காவடிக் கொக்கி குத்திய இடமெல்லாம் சீழ் வைத்துவிட்டது. காவடிப் புண் பழுக்காது. பழுத்தால் விரதத்தில் குறை. இது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா பவுனம்மாள் நேராகத் தம்பி மனைவி கோமதியைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுடி. விரத நாள்ல எங்க தப்பு நடந்துச்சு?"

கோமதி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். ஊர் சிரிக்கும் என்று அம்மா மறித்து, புண்ணில் விபூதியை அப்பினாள்.

நான் பத்துமலைக்குப் பக்கத்தில், செலாயாங்கில் ஒரு கோழிப் பண்ணையில் வேலை பார்த்தேன். தீனியில் செம்பு உப்பான மயில்துத்தமும் தண்ணீரில் மஞ்சள் மருந்துப் பொடியும் கலப்பது என் வேலை. கோழிக்குச் சீக்கு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் கலக்க வேண்டும், சீக்கிரம் கொழுக்குமாம். அந்தப் பொடியில் ஒரு பொட்டலம் எடுத்து வந்து, பெரிய டாக்டர் மாதிரி தம்பிக்குக் கரைத்துக் கொடுத்தேன்.

"நல்ல மருந்து லா. ஆயிரம் கோழிக்குக் கேக்குது, உனக்குக் கேக்காதா?"

"கசக்குதுண்ணே" என்று சிரித்தான்.

ஐந்து நாள் குடித்தான். ஆறாம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பியது. அம்மாவை விலக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் ஜபருல்லா மூன்று மருந்து மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"எதுக்கும் கேக்கல அண்ணே. இந்த மருந்தையெல்லாம் முன்னாடியே பாத்துப் பழகின கிருமி மாதிரி இருக்கு. கொக்கி குத்துறதுக்கு முன்னாடி எங்க முழுகினாரு?"

"பத்துமலை ஆத்துல."

"ஆத்துத் தண்ணி வர்ற பக்கம் மேல என்ன இருக்கு?"

அங்கே இருப்பது எங்கள் கோழிப் பண்ணை. கொட்டகையைக் கழுவி, எச்சத்தையும் மருந்தையும் துத்தத்தையும் வாய்க்காலில் தள்ளுபவனும் நான்தான். வாய்க்கால் அந்த ஆற்றில்தான் விழுகிறது. ஒன்பது வருஷமாகக் கிருமிக்கும் சேர்த்து மருந்து ஊட்டியிருக்கிறேன், பாவி. அதில் சாகாமல் தேறியதுதான் தம்பியின் முதுகில் ஏறியிருக்கிறது.

மறுநாள் அவனுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது.

"அண்ணே, நான் விரதத்த முறிக்கல. நீயாவது நம்பு."

"நம்புறேன்டா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

மத்தியானம் போய்விட்டான்.

சாவு வீட்டில் நடுக்கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, துத்தம், வாய்க்கால், ஒன்றையும் விடவில்லை.

"கோமதிய யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது. விரதமும் முறியல. கொன்னது நான்."

அம்மா என் தலையைத் தடவினாள். "துக்கத்துல உளர்றான். குறையா நிக்கிற நேர்த்தி இது. அடுத்த வருஷம் நீயே அதே ஆத்துல முழுகி, காவடி எடுத்துத் தீர்த்துடுப்பா."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கோமதி மட்டும் ஆட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த வீட்டில் நான் சொன்னதை நம்பியவள் அவள் ஒருத்திதான்.