எட்டாவது பெயர்

ஓர்வில் ஸ்டம்ப்புக்கு ஆகஸ்ட் மாதம் பிடித்த வயிற்றெரிச்சல் நவம்பர் வந்தும் அடங்கவில்லை. அவன் மனைவி ஐசி சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அது சோடா உப்புக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் புருஷன் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி எதையாவது கலக்கிக் கொடுக்கத்தானே வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஹ்யூஸா வில்சனா என்று நாடே அடித்துக்கொண்ட 1916ஆம் வருஷம் அது. மேற்கு வர்ஜீனியாவில் ஓட்டுச் சீட்டில் கட்சிக்கு எட்டுப் பேர் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஓட்டு எண்ணி, அதிகம் வாங்கிய எட்டுப் பேர் ஜனவரியில் தலைநகரமான சார்லஸ்டனுக்குப் போய், மாநிலத்துக்காக ஜனாதிபதி ஓட்டைப் போட்டுவிட்டு வருவார்கள். மற்றபடி அதிகாரம் ஒன்றும் கிடையாது. எல்லாம் ஒரு நாள் கூத்து. அந்த ஒரு நாளுக்காக ஓர்வில் இருபது வருஷமாகக் காத்திருந்தான்.

சும்மா காத்திருக்கவில்லை, உழைத்தான். லாரல் ஃபோர்க் என்ற அந்த மலையூரில் ஹ்யூஸின் குடியரசுக் கட்சி என்றால் ஓர்வில்தான். ஓட்டு நாளில் மலைமேல் இருக்கிற கிழவர்களைத் தன் வண்டியில் ஏற்றி இறக்குவது அவன். கூட்டத்துக்குப் பலகை அடுக்குவது அவன். ஓடையோரத்தில் இருந்த அவன் மாவு மில்லுக்கு யார் சோளம் கொண்டுவந்தாலும், அரைத்து முடிக்கிற வரைக்கும் மாதிரிச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவான்.

"பென்சிலை மெதுவாப் பிடிங்கப்பா. கோடு லேசா விழுந்தாப் போதும். அழுத்தினா தாள் கிழியும். கிழிஞ்சா அந்தச் சீட்டே செல்லாது. வீட்டுலயே இருந்திருக்கலாம்."

இந்தத் தடவை எட்டுப் பேரில் ஒருவர் நம் மலைப்பக்கத்திலிருந்து என்று கட்சி சொன்னதும், ஓர்வில் கோட்டுக்குத் துணியே எடுத்துவிட்டான். கட்சி ஆன்செல் டீட்டரைப் போட்டது.

ஆன்செல் ஆப்பிள் தோட்டக்காரன். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் கட்சி இரண்டாக உடைந்தபோது பிரிந்துபோன கூட்டத்தோடு ஓடிப்போன ஆள் அவன். இப்போது திரும்பி வந்திருக்கிறான். வந்தவனைக் குளிர்விக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் அவன் பெயரையே எழுதிவிட்டார்கள்.

"ஓடிப்போனவனை நடு வீட்டுல உக்கார வச்சிட்டாங்க. இருந்து காவல் காத்தவன் வாசல்ல நிக்கிறேன்" என்றான் ஓர்வில்.

"விடுங்க. அவரு மேடையில நின்னாப் பார்க்கவும் லட்சணமா இருக்கும்" என்றாள் ஐசி.

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள். ஓர்வில் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

சீட்டு அச்சாகி வந்ததும் அதை எடுத்துப் பார்த்தான். டீட்டர் கடைசியில், எட்டாவது பெயர். ஸ்டம்ப் என்று போட்டிருந்தாலும் அதே இடத்தில்தான் வந்திருக்கும், அதே அளவு எழுத்தில். பார்க்கப் பார்க்க, அந்த இடத்தில் தன் பெயரைச் சுரண்டிவிட்டு ஆன்செல் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருந்தது. தாங்க முடியவில்லை அவனால்.

எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே குறி போடலாம். வேண்டாதவர் பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றவர்களுக்குப் போடவும் செய்யலாம். சட்டம் இடம் கொடுத்தது. இருபது வருஷமாக அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தவன், அக்டோபரில் பாடத்தை மாற்றினான்.

"எட்டாவது பேர் மேல மட்டும் ஒரு கோடு இழுத்துடுங்க. ஏழு பேர் போதாதா ஹ்யூஸுக்கு? ஒரு ஆள் குறைஞ்சா வானம் இடிஞ்சா விழப்போகுது?"

பக்கத்துப் பண்ணை ரிலேயிடம் முதலில் சொன்னான். ரிலே சோள மூட்டைமேல் உட்கார்ந்து தாடையைச் சொறிந்தான். "ஆன்செல் பேரையா?"

"எட்டாவது பேரை. நான் ஆள் பேரைச் சொன்னேனா?"

"சரி ஓர்வில். நீ சொன்னாச் சரிதான்."

இப்படி முப்பத்திநாலு பேர் சரி என்றார்கள். ஓர்வில் ஒவ்வொருவராக மனசில் எண்ணி வைத்திருந்தான். அவர்களுக்கு மாவுகூட நைசாக அரைத்துக் கொடுத்தான்.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்தில், சாக்குத் துணியால் மறைத்த மூலைக்குள் போய்ச் சீட்டை விரித்தான். வெளியே ஆன்செல் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். ஓர்வில் பென்சிலை எடுத்து எட்டாவது பெயர் மேல் வைத்து இழுத்தான். போதவில்லை, இன்னொரு தடவை இழுத்தான். மூன்றாவது தடவை இழுக்கும்போது மூன்று மாத எரிச்சலும் விரலுக்கு இறங்கி வந்தது. பிறகு அதே தாளில் கீழே, பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று கேட்டிருந்த இடத்தில் வேண்டாம் என்று குறித்தான். நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து ஆன்செலுக்கே கை கொடுத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில், ஓட்டு எண்ண நியமித்திருந்த சைரஸ் வாத்தியார் எண்ணி முடித்து வாசலுக்கு வந்தார். "நம்ம பக்கம் அறுபது. ஒண்ணு செல்லாது. கிழிஞ்சு கிடக்கு."

"கிழிஞ்சுதா? இருபது வருஷமாத் தலையில அடிச்சிட்டுச் சொல்றேன். எந்த மடையன்யா அது?" என்றான் ஓர்வில்.

"பேரா எழுதியிருக்கு?" என்றார் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓர்வில்தான் கடைசியில் நிறுத்தினான். அறுபதில் முப்பத்திநாலு கோடு விழுந்ததைப் பற்றி வாத்தியார் வாயைத் திறக்கவில்லையே என்று யோசித்தான். பெரிய மனுஷத்தனமாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். பெயர்வாரியான கணக்கைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். எட்டாவது வரியைப் பார்த்தால் தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து ஓர்வில் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் மூன்று நாள் அவன் மில்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பேப்பருக்காகப் பாதையில் போய் நின்றான். நாட்டில் யார் ஜெயித்தார் என்றே தெரியவில்லை, இழுபறி. தான் கெடுத்த ஒரு ஆளால் ஹ்யூஸ் தோற்றுவிட்டால்? கடைசியில் வில்சன்தான் ஜெயித்தார், ஆனால் ஓர் ஆள் வித்தியாசத்தில் இல்லை. ஓர்வில் மூச்சு விட்டான். மேற்கு வர்ஜீனியா ஹ்யூஸ் பக்கம்தான் நின்றது. இரண்டு வாரம் கழித்து மாநில முடிவு முழுசாகப் பேப்பரில் வந்தது. ஹ்யூஸ் கட்சியில் ஏழு பேர், வில்சன் கட்சியில் ஒருவர். தோற்றுப்போன எட்டாவது ஆள் ஆன்செல் டீட்டர்.

ஓர்வில் அன்று காலை பக்வீட் மாவில் சுட்ட அடை ஏழு தின்றான். ஐசி எட்டாவதைப் போட வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிச் சிரித்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் சார்லஸ்டன் பேப்பரில் ஆன்செல் போட்டோ, தாடியோடு, ஆப்பிள் மரத்தடியில். ஏழு பேர் ஜெயிக்க ஒருவர் மட்டும் தோற்ற விந்தை என்று பாதிப் பக்கம். ஜெயித்த ஏழு பேர் யார் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. தோற்றவனைப் பார்க்கப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வீடு பூசணிப் பணியாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஐசியும் ஒன்று கொடுத்தாள்.

"நான் ஒருத்தன் தோத்தா என்ன இப்போ? மாநிலம் ஜெயிச்சுதே, அது போதும்" என்று ஆன்செல் எல்லோரிடமும் சொன்னான். நூறு தடவை சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. சார்லஸ்டன் போயிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும் புகழ். இதைக் கோட்டு மாதிரி ஆயுசுக்கும் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

இதை வாங்கிக் கொடுத்தது யார்? ஓர்வில். மில்லில் மூட்டை மூட்டையாக ஆள் பிடித்து, நாக்கு வறளப் பேசி, இதைச் சமைத்து வைத்தவன் அவன். தட்டுப் போட்டுச் சாப்பிடுகிறவன் ஆன்செல். இப்போது ஓர்வில்லுக்கு ஆன்செலின் தோல்வி மேலேயே பொறாமை வந்துவிட்டது. இப்படியும் ஒரு பிறவி.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்து. தேவாலயத்தில் இடம் போதாது என்று பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். மான் கறி, சோள ரொட்டி, கிண்டிய ஆப்பிள் பாகு எல்லாம் பெஞ்சு பெஞ்சாக இருந்தது. சாப்பிட்ட பிறகு போதகர் எழுந்தார். ஆன்செலுக்கு ஊர் சார்பாக வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி.

"நம்ம ஊர் இவரைக் கைவிடல" என்றார் போதகர். "வேற எங்கேயோ, யாரோ, முகம் தெரியாத ஆளுங்க இவர் பேரை அடிச்சிருக்காங்க. அவங்களுக்காகவும் ஜெபம் பண்ணுவோம்."

எங்கேயோ. யாரோ. ஓர்வில்லுக்குக் காது சூடாகிவிட்டது. புகழ்தான் அவனுக்குப் போயிற்று என்றால், செய்த காரியத்தையும் வேறு எவனோ வெளியூர்க்காரனுக்கு எழுதிவைக்கிறார்கள். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றான்.

"எங்கேயோ யாரோ இல்ல. நான்தான்."

"என்ன நீ?" என்றார் போதகர்.

"அவர் பேரை அடிக்க வச்சது நான். முப்பத்திநாலு பேர். இங்கேயே உக்கார்ந்திருக்காங்க. நான் சொல்லித்தான் அடிச்சாங்க. கேட்டுப் பாருங்க."

முப்பத்திநாலு பேரும் தட்டைப் பார்த்தார்கள். ஐசி தன் கையைப் பார்த்தாள். சைரஸ் வாத்தியார் எழுந்து சுவர் பக்கம் போனார். ஒட்டிய கணக்கு இன்னும் அங்கேதான் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து விரல் வைத்து வாசித்தார்.

"முதல் பேருக்கு அறுபது. ரெண்டாவதுக்கு அறுபது." ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். "ஏழாவதுக்கு அறுபது. எட்டாவது, டீட்டர், அறுபது."

"தப்பா எழுதியிருக்கீங்க" என்றான் ஓர்வில்.

"எண்ணினது நான்" என்றார் வாத்தியார்.

ரிலேதான் பாவம் பார்த்து வாயைத் திறந்தான். "ஓர்வில், எங்க சோளம் உன் மில்லுக்குள்ள கிடந்துச்சு. சரின்னு சொல்லாம வேற என்னத்தச் சொல்றது? ஆன்செல் பேரைப் போய் எவன்யா அடிப்பான்?"

ஓர்வில் நின்றுகொண்டே இருந்தான். உட்கார நாற்காலி இல்லை, அது பின்னால் விழுந்து கிடந்தது. நான் ஒருத்தன் அடித்தேனே, அப்படியானால் ஐம்பத்தொன்பது இருக்க வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாத்தியாருக்கே பொறி தட்டிவிட்டது.

"அந்தக் கிழிஞ்ச சீட்டு" என்றார் அவர் மெதுவாக. "எட்டாவது பேர் இருந்த இடத்துலதான் ஓட்டை. விரல் நுழையிற மாதிரி."

பள்ளிக்கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. இருபது வருஷம் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன், அந்த வருஷம் லாரல் ஃபோர்க்கில் ஓட்டே போடவில்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுவிட்டு வெளியே போயிருப்பான்.

ஆன்செல் எழுந்து வந்தான், புதுக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு. நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். ஓர்வில் தோளைத் தொட்டு உட்கார வைத்தான்.

"விடுப்பா. பென்சில் முனை கூராச் சீவியிருந்திருப்பாங்க" என்றான், அந்தக் கணீர்க் குரலில்.

அதற்கும் அவனுக்குத்தான் கை தட்டினார்கள்.

திரும்பும்போது ஐசி வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குதிரை ஓடையைத் தாண்டியதும், "பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணுமான்னு கேட்டதும் அதே தாள்லதானே இருந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

"வேண்டாம்னுதானே போட்டீங்க?"

அவன் கடிவாளத்தைச் சரிசெய்தான்.

"அப்போ அதுவும் செல்லல" என்றாள். "அந்த மட்டுக்கும் சந்தோஷம். எனக்கு ஒரு ஓட்டு இருந்திருந்தாக் கிழிக்காமப் போட்டிருப்பேன்."

ஓர்வில் கொஞ்ச தூரம் சும்மா வந்தான். சும்மாவே வந்திருக்கலாம்.

"எட்டாவது ஆளுக்குமா?" என்று கேட்டான்.

புறப்படும்போது ஆன்செல் கொடுத்தனுப்பிய கூடை ஐசி மடியில் இருந்தது. அதிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் துணியில் துடைத்துக் கடித்தாள்.